தர்பூசணியின் உயரம்

ஏசுராஜ் அடுத்தவர் போட்ட கணக்கைச் சரிபார்த்தே வாழ்ந்தவர். டல்லாஸில் பாலங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் வரைபடம் போடும் கம்பெனியில் வேலை. ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும்: கணக்கிட்டவர், சரிபார்த்தவர். இரண்டாவது கட்டத்தில் ஒன்பது வருஷம் அவர் கையெழுத்துதான். ஒரே ஆள் இரண்டிலும் போடக் கூடாது. வீட்டிலும் அதே சட்டம். காபிக்குச் சர்க்கரை போட்டவள் தானே ருசி பார்க்கக் கூடாது என்று, மனைவி ஞானமணி கையிலிருந்து டம்ளரை வாங்கி மகளிடம் நீட்டுவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பித்து. டெக்சாஸில் நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன ஊர்களில் எதையாவது பிரம்மாண்டமாகச் செய்து நிறுத்தியிருப்பார்கள். வீட்டுயர பூட்ஸ், கான்கிரீட் முயல், லாரி நீளத்துக்கு வேர்க்கடலை. ஞாயிறு பூசை முடிந்ததும் புளிச்சோறும் பிளாஸ்க்குமாகக் கிளம்பிவிடுவார்.

"கடலை பாக்க இருநூறு மைலா? தூத்துக்குடில கெடைக்காத கடலையா?" என்பாள் ஞானமணி.

"இது வறுக்காத கடலை" என்பார்.

பார்ப்பதோடு விடமாட்டார், அளப்பார். மகள் அமலியை அதன் அடியில் நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்துபோவார். கையை நீட்டிப் பென்சிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அவள் உயரத்தை அதில் விரலால் குறித்துக்கொள்வார். அந்த உயரம் எத்தனை தடவை அந்தப் பொருளில் அடங்குகிறது என்று எண்ணுவார். "மூணு அமலி" என்று அங்கிருந்தே அறிவிப்பார். பிறகு ஒரு குறிப்பேட்டில் அதை அடிக்கணக்காக மாற்றி எழுதுவார். 1980இல் இர்விங் வீட்டுக்குக் குடிவந்த வாரம் சமையலறைக் கதவு நிலையில் அவளை நிறுத்திக் கோடு போட்டிருந்தார். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

எண்பத்தைந்து கோடையில் ஆபிலீன் போகும் வழியில் ஒரு தர்பூசணியைப் பார்க்கப் போனார்கள். நிமிர்த்தி வைத்த கான்கிரீட் பழம். அமலிக்குப் பதினேழு. பக்கத்து ஐஸ்கிரீம் கடை வாசலில் அவள் வயதுப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவள் காரைவிட்டு இறங்கவில்லை.

"நான் என்ன உங்க ஸ்கேலா? எல்லாரும் பாக்குறாங்க. ஐ'ம் நாட் டூயிங் திஸ்."

"நான் நிக்கட்டுமா?" என்று ஞானமணி கேட்டாள்.

"வேண்டாம், அளவு மாறிடும்" என்றார் ஏசுராஜ். பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "வெயிலும் சாஸ்தி. போவோம்."

அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை. அந்த வருஷமே அமலி கலிஃபோர்னியாவுக்குப் படிக்கப் போனாள். எண்பத்தொன்பது பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரோ போட்ட கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபடியே ஆபீஸ் மேஜையில் தலைசாய்ந்து போய்விட்டார்.

ஆகஸ்டில் அம்மாவை சான் ஹோசேக்குக் கூட்டிப்போக அமலி வந்தாள். அங்கே சர்க்யூட் டிசைன் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காரைத் துடைக்கும்போது முன்பக்கப் பெட்டியில் அந்தக் குறிப்பேடு கிடைத்தது. கடைசியாக எழுதிய பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். தேதி இருந்தது. 'தர்பூசணி' என்று இருந்தது. உயரம் என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

வெறுமையாக இருந்த அந்த ஓர் இடத்தை விட்டுவிட்டு அவளால் டெக்சாஸைவிட்டுக் கிளம்ப முடியாது என்று தோன்றியது.

"அம்மா, ஒரு இடம் போயிட்டு வரலாம்."

"எங்கன்னு தெரியும்" என்றாள் ஞானமணி. "புளிச்சோறு கிண்டிருதேன்."

பழம் அங்கேதான் இருந்தது. பச்சை வெளுத்திருந்தது. ஐஸ்கிரீம் கடை இல்லை. அமலி அதன் அடியில் போய் நிமிர்ந்து நின்றாள். ஞானமணி பென்சிலோடு முப்பதடி பின்னால் போனாள்.

"ஒரு கண்ண மூடணுமாட்டி?"

"ஆமா."

"எந்தக் கண்ண?"

"எதுன்னாலும் சரி."

"உங்கப்பா எடது கண்ணத்தான் மூடுவாரு."

"அப்ப அதையே மூடும்மா."

ஞானமணி வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு. சரியா ரெண்டு அமலி."

அமலி காருக்கு வந்து குறிப்பேட்டை விரித்தாள். அவர் முறைப்படியே எழுத வேண்டும் என்று முந்தைய பக்கத்தைப் பார்த்தாள். 1984, பூட்ஸ்: 3 × 4 அடி 8 அங்குலம் = 14 அடி. அந்த வருஷம் அவளுக்கு வயது பதினாறு, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அதற்கு முந்தைய பக்கத்திலும் நாலடி எட்டு. அதற்கு முன்னும் அதுவே, கதவு நிலையில் கோடு போட்ட அன்றைய உயரம். ஐந்து வருஷக் கணக்கில் அவள் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. கடைசி இரண்டு வருஷத்தில் எழுதியதெல்லாம் உண்மையைவிட ஒன்பதில் ஒரு பங்கு குறைவு.

"அம்மா, அப்பா ஏன் என்னை மறுபடி அளக்கல?"

"நீதான் பதிமூணு வயசுல இனிமே அந்தக் கதவுகிட்ட நிக்க மாட்டேன்னுட்டியே. கேட்டா கோவிப்பான்னு விட்டுட்டாரு. நாளைக்கி அவ நல்ல மூட்ல இருக்கும்போது கேக்கேன்னு சொல்லிட்டே இருந்தாரு."

அமலி பக்கங்களைத் திருப்பினாள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஆபீசில் போலவே இரண்டு கட்டங்கள் வரைந்திருந்தார். முதல் கட்டத்தில் 'ஏ.' இரண்டாவது எல்லாப் பக்கத்திலும் காலி.

பேனாவை எடுத்து, 2 × 4 அடி 8 அங்குலம் = 9 அடி 4 அங்குலம் என்று எழுதினாள். தவறு என்று தெரியும். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு பக்கமாக, சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் மை கலைந்தது.

ஞானமணி புளிச்சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "எவ்வளவு வந்துச்சு?"

"ஒன்பது அடி நாலு அங்குலம்."

ஞானமணி கார்க் கண்ணாடி வழியாகப் பழத்தைப் பார்த்தாள்.

"அதவிடப் பெருசால்லா தெரியுது" என்றாள்.

அமலி காரைக் கிளப்பினாள்.