இறுக்கிக் கட்டிய சாரம்

என் சகலனுக்கு வெள்ளைத் தலைக்கவசம் கிடைத்த அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. மாங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தோம். நான் தலைமை மேசன். அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், வேலைக்கு வந்து ஐந்து வருடம்கூட இல்லை. பாதுகாப்பைப் பார்க்க ஒருவர் வேண்டும், சாதாரணதரப் பரீட்சை பாஸ் பண்ணியவராக இருக்க வேண்டும் என்றார்கள். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அவனை வவுனியாவுக்கு அனுப்பி மூன்று நாள் பழக்கினார்கள். திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு விசிலும் தொங்கியது.

எங்களுக்கெல்லாம் மஞ்சள். மஞ்சளில் என்ன குறை என்று கேட்பீர்கள். இருபது வருடம் சுவர் கட்டியவனிடம் கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலும் அவன் புராணம்தான். "தங்கச்சியின்ர மனிசன் இப்ப வேலையிடத்திலை எல்லாருக்கும் மேலையாம்" என்று மனைவி குசினியில் நின்று சொல்வாள். நான் கேட்காதது மாதிரி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் என் சைக்கிள் போலப் பளபளத்த சைக்கிள் வன்னியிலேயே இருந்திருக்காது.

காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி, கொழும்பிலிருந்து அச்சடித்து வந்த தாள் ஒன்றை அவன் சத்தமாக வாசிப்பான். அதில் ஒரு வரி: 'சாரம் இறுக்கமாகக் கட்டப்பட்டிருப்பதை உறுதிசெய்த பின்னரே மேலே ஏறவும்.'

எங்கள் ஊரில் சாரம் என்றால் இடுப்பில் உடுக்கிற சாரம்தான். அவனும் அப்படித்தான் விளங்கிக்கொண்டான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு ஒவ்வொருவரின் இடுப்பையும் பார்த்துக்கொண்டு வருவான். "அண்ணை, மடிச்சு இறுக்கிக் கட்டுங்கோ. காலிலை தடக்கினா விழுந்து போவியள்" என்று என்னிடமும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சாகத்தான் இருந்தது.

எனக்கு மட்டும் விசயம் தெரியும். முன்பு ஒருமுறை தமிழ்நாட்டிலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒருவரிடம் வேலை செய்திருக்கிறேன். சுவர் கட்டும்போது நாங்கள் ஏறி நிற்பதற்குக் கம்பு நட்டுப் பலகை கட்டுவோமே, அதைத்தான் அவர் சாரம் என்பார். முதல் நாள் அவர் "சாரத்தை அவிழ்த்துடுங்க" என்று சொல்ல, ஒருவன் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கூத்தை நான் மறக்கவில்லை. தாளில் எழுதியிருந்தது அந்தச் சாரத்தைப் பற்றி. பலகையின் கட்டுகளைப் பார்த்துவிட்டு ஏறுங்கள் என்று அர்த்தம்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய எஞ்சினியர் வரும் நாளில் இவன் எங்கள் சாரங்களை இழுத்துப் பார்க்கட்டும், அவர் முன்னால் மூக்குடைபடட்டும் என்று காத்திருந்தேன். அந்த நினைப்பே இனித்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அதை நினைத்துத் தனியாகச் சிரித்துமிருக்கிறேன்.

எஞ்சினியர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முன் இரண்டு நாள் நல்ல மழை, பிறகு ஒரு நாள் வெயில். நனைந்து காய்ந்த கயிறு தளரும் என்பது எனக்குத் தெரியாததா? காலையில் வந்ததும் நான் ஏறும் பக்கத்துக் கட்டுகளை அவிழ்த்து மறுபடி இறுக்கினேன். மறுகோடியில் பலகையைத் தாங்கும் கயிறு தொளதொளவென்று கிடந்தது. கண்ணால் கண்டேன். அந்தப் பக்கம் அன்று ஆருக்கும் வேலையில்லை, அவர் வந்து அதையும் பார்த்துவிட்டு இவனை நாலு கேள்வி கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்து மணிபோல எஞ்சினியரின் வாகனம் படலைக்குள் நுழைந்தது. அந்த நேரம் பார்த்துச் சகலன் அண்ணாந்தான். மறுகோடிப் பலகையின் விளிம்பில் இரண்டு சீமெந்துக் கற்கள் இருந்தன. "கீழ நிக்கிற ஆக்களின்ர தலையிலை விழப்போகுது" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். நான் "தம்பி" என்று கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். அடுத்த சொல் என் வாயில் வருவதற்குள் பலகை சரிந்துவிட்டது.

தலைக்குக் கவசம் இருந்ததால் உயிர் தப்பியது. வலது கால் தொடையெலும்பு முறிந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் அவன் ஒரு தரம்கூடக் கத்தவில்லை. தாளில் இருந்த சாரம் எது என்று எஞ்சினியர் அன்றே விளக்கினார். எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். நானும் வைத்தேன்.

அடுத்த நாள் பார்க்கப் போனேன். காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிலருகே அவன் மனைவி, என் மச்சாள், அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். இனி ஏறி இறங்கும் வேலை செய்வது கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

"என்ர பிழைதான் அண்ணை" என்றான் அவன். "வாசிச்சன், விளங்கேல்லை. நல்ல காலம் வேறை ஆரும் ஏறேல்லை. எங்களிலை ஒருத்தருக்கும் அது தெரியாமப் போச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியள்தானே."

இப்படி ஒரு மனிதனை முழுதாக நம்ப எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கால் முறிந்து கிடக்கிறவனைப் பார்த்து, அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"ஓம், சொல்லியிருப்பன்" என்றேன்.

மச்சாள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிளாஸ்கைத் திறந்து, முதல் தேத்தண்ணியை எனக்குத்தான் ஊற்றித் தந்தாள்.