மீட்டரில் எரிந்த மஞ்சள் விளக்கு

என் மகள் வேறு யாருடைய காரிலும் ஏறமாட்டாள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் புரியும். அவளுக்கு நாற்பது வயதுக்கு மேலாகிறது. பேச்சும் புத்தியும் ஐந்து வயதுப் பிள்ளையின் அளவோடு நின்றுவிட்டன. எங்கள் பழைய காரில் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு தூரமும் சத்தமில்லாமல் வருவாள். அந்தக் காரில் சாவியைத் திருப்புவது அவள் வேலை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அப்பா சாவியைச் செருகுவார், அவள் எட்டித் திருப்புவாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டரில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் எரிந்து ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துவிட்டு, "போலாம்" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் கார் நகரும்.

பாத்திரம் கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்த பிறகு, அவளைக் குளிப்பாட்ட என்னால் முடியவில்லை. கெலாங் பாத்தாவில் அவளைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் விட்டோம். நாங்கள் இருப்பது உலு திராமில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய் அழைத்து வருவோம், ஞாயிறு மாலை கொண்டுபோய் விடுவோம். அந்த ஓர் இரவு அவள் தன் பழைய கட்டிலில் படுத்துக் குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டு நான் விழித்திருப்பேன். அவள் இல்லாத நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வரும். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கும்.

அந்த வருடம் ஆயுத பூசை முடிந்து சில நாளில் மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் நின்றது. ஏபிஎஸ் விளக்கு என்றார் என் வீட்டுக்காரர். தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வழுக்குகிற ரோட்டில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் இறுகிப்போகாமல் விட்டு விட்டுப் பிடிக்குமே, அந்தச் சாமான் வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம்.

அடுத்த முறை இல்லத்துக்குப் போனபோது மகள் சாவியைத் திருப்பிவிட்டு "போலாம்" சொல்லவில்லை.

"மஞ்ச லைட்டுப்பா."

"அது ஒன்னும் இல்லம்மா. சும்மா எரியுது."

"மஞ்ச லைட்டு."

"அப்பா எத்தனை வருசமா பஸ்ஸு ஓட்டுனேன்? எனக்குத் தெரியாதா? போலாம் சொல்லு."

அவள் சொல்லவில்லை. அவராகவே காரை எடுத்தார்.

உலு திராமுக்குள் நுழைவதற்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. செம்பனைத் தோட்டத்துப் பாதையிலிருந்து பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று பார்க்காமல் திரும்பியது. இவர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை, சவர்க்காரம் போட்ட தரையில் போவதுபோல் போனது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கேட்காமல், சாக்கடை ஓரத்துப் புல்லில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. லாரி போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. என் மகள் அழவுமில்லை. கையை நீட்டி அந்த மஞ்சள் விளக்கின் மேல் ஒரு விரலை வைத்தாள். வீடு வரும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.

மறுநாள் அவளைத் திரும்ப ஏற்றுவதற்குள் எங்கள் உயிர் போய்விட்டது. பின்னால் என் மடியில் முகத்தைப் புதைத்து, வழியெல்லாம் ஊளையிட்டுக்கொண்டே வந்தாள். இல்லத்து வாசலில் அவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"அப்பா அந்த லைட்ட அணைச்சிட்டு வரேன். அணைஞ்சதும் வீட்டுக்குப் போலாம். சரியா?"

தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் பேச்சு. விளக்கு அணைந்தால் அவள் வீட்டுக்கு வருவாள், அணையாவிட்டால் இல்லை.

முதலில் பக்கத்துக் குடியிருப்புத் தாமானில் இருந்த ஒரு சீனர் பட்டறைக்குக் கொண்டுபோனோம். நான் எப்போதும்போல் பின் இருக்கையை விட்டு இறங்கவில்லை. ஆண்கள் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. முதலாளி மலாயும் தமிழும் கலந்து பேசுவார்.

"தா அப்பா லா, பரவால்ல அங்கிள். பிரேக் நல்லா இருக்கு. ஏபிஎஸ் மட்டும்தான் ரோசாக், கெட்டுப்போச்சி. இந்த லைட்டு பல்பு களட்டிட்டா முடிஞ்சிது. சுஸா இல்ல, கஷ்டமே இல்ல."

"பல்பைக் கழட்டுறதுக்கா உன்கிட்ட வந்தேன்? லைட்டு சரியாதான் சொல்லுது. வண்டியப் பாரு."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பார்த்தார். முன் சக்கரத்துச் சென்சார் போய்விட்டது என்றார். இந்த வயதுக் காருக்குப் புதுச் சென்சார் வராது. வெளிநாட்டில் பழைய கார்களைப் பாதியாய் வெட்டிக் கொண்டுவந்து விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் தேடி, ஒன்றை வாங்கி மாட்டினார். விளக்கு அணைந்தது.

பண்டிகை என்பதால் மாதம் ஆகும்வரை காத்திருக்காமல், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமையே மகளை அழைக்கக் கிளம்பினோம். அவளுக்குப் பிடித்த அச்சுமுறுக்கை டின்னில் போட்டு மடியில் வைத்திருந்தேன். டோல் சாவடியைத் தாண்டியதும் விளக்கு எரிந்தது. இவர் ஓரமாய் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சாவியை மறுபடி திருப்பினார். மறுபடியும் எரிந்தது. திரும்பிப் போகவும் மனமில்லை. போய்ச் சேர்ந்தோம். மகள் ஓடி வந்தாள், கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள், என்னைக்கூடப் பார்க்காமல் திரும்பி நடந்துவிட்டாள். அச்சுமுறுக்கை அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தோம். தீபாவளியன்று இவர் புதுச் சட்டை போட்டுக்கொள்ளவில்லை. நானும் அடுப்புப் பற்ற வைத்ததோடு சரி.

அதற்குப் பிறகுதான் ஒருவர் சொல்லி அந்த வயர்மேனிடம் போனோம். கார்களுக்கு மின்சார வேலை மட்டும் செய்பவர். நம் ஆள். வாய் ஓயாது.

"சென்சார மாத்துனாங்களா? தலவலிக்குச் செருப்ப மாத்துன மாதிரி. அங்கிள், இது வயர்ல உள்ள கோளாறு. எங்கன்னு தேடணும். ஒரு நாளுல முடியாது, சொல்லிட்டேன்."

ஒரு நாளில் முடியவில்லைதான். சக்கரத்திலிருந்து மேலே ஏறி, மட்கார்டுக்குப் பின்னால் புகுந்து, பேட்டரிக்கு அடியில் போகும் வயர்க் கற்றையை அங்குலம் அங்குலமாகப் பிரித்தார். கறுப்பு நாடாவை அவிழ்த்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திச் சிரித்தார்.

"ஆன்ட்டி, இறங்கி வாங்க. உங்க வீட்டுப் பலகாரம் இங்க இருக்கு."

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் பொரியும் பொட்டுக்கடலையும் எலிப் புழுக்கையும் கலந்து ஒரு குவியல். அதற்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய வயர்கள் கடிபட்டு, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. சுற்றியிருந்த நாடா கடிபட்ட முனைகளைச் சேர்த்துப் பிடித்திருந்ததால் ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் விட்டுப்போகும்.

ஆயுத பூசைக்கு எல்லாரும் பானெட்டின் மேலே பொட்டு வைத்துப் படைப்பார்கள். என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்துவிடுவார். வேலை செய்வது இஞ்சின், தகரத்துக்கு எதற்குப் பூசை என்பார். இஞ்சினுக்குச் சந்தனம் வைத்து, பொரி கடலையை உள்ளேயே தூவுவார். பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம். பஸ் தினமும் ஓடும், எலி அண்டாது. இந்தக் கார் மாதத்தில் பாதி நாள் வாசலில் நிற்கிறது.

"சாமி சாப்பிடல, எலி சாப்பிட்டுச்சு," என்றார் வயர்மேன். "பாயசமும் ஊத்தியிருந்தா குடும்பத்தோட குடி வந்திருக்கும்."

இவர் சிரிக்கவில்லை. எலிப் புழுக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அவ அன்னைக்கே சொன்னா," என்றார் என்னிடம், மெதுவாக.

வயர்மேன் கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புது வயர் சேர்த்து ஈயத்தால் பற்ற வைத்தார். இரண்டு வயரையும் சடைபோல் ஒன்றோடொன்று முறுக்கினார். முறுக்காமல் விட்டால் பக்கத்து வயரின் மின்சாரம் கலந்து சக்கரத்தின் வேகக் கணக்கு தப்பாய்ப் போகுமாம். நீர் புகாத குழாயைப் போட்டுச் சூடு காட்டி இறுக்கினார். மழை பெய்து நனைந்திருந்த காலி இடத்தில் இவரையே காரை ஓட்டி, பிரேக்கை ஓங்கி மிதிக்கச் சொன்னார். கார் நேராக நின்றது. காலுக்கடியில் டக டகவென்று உதைத்தது, ஏபிஎஸ் பிடிக்கிறது என்றார் இவர்.

அந்தச் சனிக்கிழமை இல்லத்து வாசலில் விளக்கில்லாத மீட்டரைக் காட்டியதும் மகள் ஏறி உட்கார்ந்தாள், பெல்ட்டை மாட்டினாள். ஆனால் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்புவது அவள் வேலையாயிற்றே. எட்டி அணைத்தாள். மறுபடி திருப்பினாள். எல்லா விளக்கும் எரிந்தன. அந்த மஞ்சளும் எரிந்தது. நல்ல காரிலும் அது ஒரு நொடி எரிந்துதான் அணையும். முன்பெல்லாம் அணையும்வரை பார்த்திருப்பவள்தான்.

"அணைஞ்சிரும்மா, பாரு, இதோ பாரு," என்று இவர் கத்தினார். அது அணைந்தும் போயிற்று. அதற்குள் அவள் பெல்ட்டை அவிழ்த்து இறங்கிவிட்டாள். அடுத்த மாதமும் அதே கதைதான்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். இவரிடம் சொல்லாமல், முக்காடு போட்டுக்கொண்டு, வயர்மேனிடம் தனியாக நடந்து போனேன். வார்த்தை வர நேரமாயிற்று.

"தம்பி, அந்த லைட்டு எரியாமலே செய்ய முடியுமா?"

அவர் விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டார். "முடியும்மா. பல்பை எடுத்துடலாம். ஆனா மறுபடி வயர் போச்சுன்னா உங்களுக்குத் தெரியாது. போன தடவ மாதிரி ஆயிடும்."

"அவ ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டா போதும்."

வயர்மேன் என் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் செய்தார். கார் இவருடையதாயிற்றே. இவர் வந்து காரை விட்டுவிட்டு எட்டிப்போய் நின்றுகொண்டார். சீனர் முதல் நாளே சொன்னதைத்தான் கடைசியில் செய்தோம்.

மகள் ஏறினாள். சாவியைத் திருப்பினாள். சிவப்பு எரிந்தது, பச்சை எரிந்தது, மற்ற மஞ்சள்கள் எரிந்தன. ஓர் இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. அவள் அந்த இடத்தையே பார்த்தாள். எல்லா விளக்கும் அணைந்தன. "போலாம் சொல்லும்மா," என்றேன் பின்னாலிருந்து. அவள் குனிந்து, கண்ணாடியில் நெற்றி படும்படி அந்தக் கறுப்பு இடத்துக்குள் பார்த்தாள்.

"ஒளிஞ்சிருக்கு," என்றாள். பெல்ட்டை அவிழ்த்தாள்.

அந்த வாரமே இவர் பல்பைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டார். யாருக்காக மறைக்க வேண்டும் என்றார். இப்போது பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை போகிறோம், இல்லத்துக் கொட்டகையில் அவளோடு உட்கார்ந்திருக்கிறோம், நான் கொண்டுபோவதை அவள் சாப்பிடுகிறாள். கொஞ்ச நாள் போகட்டும், மறந்துவிடுவாள் என்கிறார் அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா. அவள் மறக்கிற பிள்ளையில்லை. எங்களுக்கும் கொஞ்ச நாள் என்பது கையில் இல்லை. இவருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்துவிட்டது, எனக்கு ஓட்டத் தெரியாது.

கிளம்பும்போது கேட் வரை வருகிறாள். எங்களுக்குக் கை காட்டுவதில்லை. இவர் சாவியைத் திருப்பும்போது மீட்டர் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு உள்ளே போய்விடுகிறாள்.