யன்னலுக்குக் கீழே புல்வெளி

இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகைத் தோட்டத்தை அப்பாவோடு சுற்றிப் பார்க்கும்போது வெட்டிய புல் மணத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதில், சுவிஸில் டீட்டிகோன் என்ற ஊரில் எங்கள் தொடர்மாடியின் முன்னாலும் இதே மணம்தான். அந்தப் புல்லில் கால் வைத்தால் இரண்டாம் மாடி யன்னல் திறக்கும். “இது உங்கள் காடில்லை” என்று கட்டடத்தைப் பராமரித்த கிழவன் அங்கிருந்து ஜெர்மனில் குரைப்பான். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வரும் அப்பா அவனைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். பிறகு எங்களிடம், “கரையால வாங்கோ” என்பார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“அப்பா, இஞ்ச புல்லில நடக்கலாமாம்,” என்றேன்.

“ஓம், ஓம்,” என்றவர் மாளிகையின் யன்னல்களை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தார். சரளைப் பாதையை விட்டு இறங்கவில்லை.

நான் வேண்டுமென்றே குதிக்காலை ஊன்றி ஊன்றிப் புல்லின் நடுவால் நடந்தேன்.

“பிள்ளை,” என்றார் பின்னாலிருந்து, குரலைத் தாழ்த்தி. “கரையால வா.”