வெர்னா வாங்கிக்கொண்ட மனு

எங்கள் மலைப்பக்கத்துக் கவுண்டியில், அதாவது எங்கள் குட்டி மாவட்டத்தில், கோர்ட் கிளார்க் வேலைக்கு ஆறு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டு. வெர்னா ஸ்டிடம் என்பவள் நாலு தடவை ஜெயித்து, இருபத்துநாலு வருஷம் அந்தக் கவுண்டரில் நின்றுவிட்டாள். யாருக்கு விவாகரத்து, எவன் ஜாமீனில் வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில் அதே ஆட்களோடு உட்கார்ந்து பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடும்போது, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். அந்த முகத்துக்கே பாதி ஓட்டு விழும்.

ஐந்தாவது தடவைக்கும் தன் பெயர் அச்சடித்த ஈயடிக்கும் மட்டைகளை வாங்கி ஊரெல்லாம் கொடுத்தாள்.

"போன தேர்தல்ல குடுத்ததே இன்னும் உடையல வெர்னா!"

"ஈ இன்னும் இருக்குல்ல? வாங்கிக்கோ."

சனியன் வேறு பக்கம் உட்கார்ந்திருந்தது. வேட்பு மனுவில் வேட்பாளரின் கட்சிக்காரர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவன் தங்கை புருஷன் டெல்மர். அந்தப் புண்ணியவான், இன்னொரு கட்சியில் ஜெயிலர் வேலைக்கு நின்ற சிநேகிதனுக்கு உள்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காகக் வாக்காளர் பட்டியலில் தன் கட்சியை மாற்றிப் பதிந்திருந்தான். இங்கே இது சகஜம்தான். காரியம் முடிந்ததும் எல்லாரும் திரும்ப மாறிக்கொள்வார்கள். டெல்மர் மறந்துபோனான்; அதனால் மனுவில் அவன் கையெழுத்து செல்லாது. ஊரார் காகிதத்தையெல்லாம் வரிவரியாகப் பார்க்கிற வெர்னா, தன் காகிதத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டாள்.

எதிர்த்து நின்றவன் ராய்ஸ் ஃபுகேட். ஷெரிப் ஆபீசில் போலீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், வெர்னாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஆட்சேபிக்கக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கு வந்தான். வழக்கு மனு வாங்கவும் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கவும் ஊரில் வேறு கவுண்டர் கிடையாது.

"என்னப்பா, லைசென்ஸ் புதுப்பிக்கணுமா?"

"இல்ல வெர்னா. உன் மேலதான் கேஸ். வக்கீல் வைக்கல, நானே எழுதினேன். தப்பா எடுத்துக்காத."

"தப்பாத்தான் எடுத்துப்பேன். குடு."

டெல்மரின் பெயரைப் படித்ததும் அந்த மடையனை அப்போதே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ராய்ஸ் கையெழுத்தே போடவில்லை. கையெழுத்தில்லாத மனுவை நீதிபதி தூக்கி எறிந்துவிடுவார். திங்கட்கிழமை புது மனு போடக் கெடு இருக்காது. ஐந்தாவது தடவையும் நாற்காலி அவளுக்கே.

பக்கத்தில் நின்ற உதவி கிளார்க் ட்வைலாவும் அதைப் பார்த்துவிட்டாள். கவுண்டருக்கு அடியில் வெர்னாவின் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"முத்திரையைக் குத்தி அனுப்புங்கக்கா. மணியாச்சு."

வெர்னா ராய்ஸை நிமிர்ந்து பார்த்தாள். அவனைப் பிடிக்கவில்லை. அந்த நிமிஷத்தில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் கையெழுத்தில்லாத காகிதத்தோடு வந்த எவரையும், பேச்சுக் குழறும் குடிகாரனைக்கூட, அவள் சொல்லாமல் அனுப்பியதில்லை. பேனாவை நீட்டினாள்.

"கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடு. இல்லன்னா செல்லாது."

ராய்ஸ் முழித்தான். "இத ஏன் எங்கிட்ட சொல்ற?"

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான். சீக்கிரம் போடு, நாலரைக்குப் பூட்டணும்."

போட்டான். முத்திரை குத்தினாள். வெர்னா ஸ்டிடம் என்பவர் ஆஜராக வேண்டும் என்ற சம்மனை டைப் அடித்து, கீழே கிளார்க் என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது. வாக்குச்சீட்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டார். அவள் அதைப் பதிவேட்டில் ஏற்றினாள், பிரதிகளில் முத்திரை குத்தினாள். ஒன்றும் கோணலாக விழவில்லை.

ட்வைலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பிரதியைத் தூக்கிக் காட்டினாள். "இது எதிர்வாதிக்கு, உங்களுக்குத்தான். கையிலயே குடுத்துடட்டுமாக்கா?"

"வேண்டாம், எல்லாருக்கும் போல தபால்ல போடு," என்றாள் வெர்னா. "வீட்ல உக்காந்து படிச்சுக்கறேன்."