வேணி அக்கா காளிக்கு விட்ட தீனி

எங்கள் பக்கத்தில் சாமியிடம் ஒரு காரியம் கேட்டால், அது நடக்கிற வரைக்கும் பிடித்த தீனி ஒன்றை விட்டுவிட வேண்டும். வாயைக் கட்டினால்தான் காளி காது கொடுப்பாள் என்பது விக்கிரமங்கலத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். காப்பியை விட்டவர்கள் உண்டு, கருவாட்டை விட்டவர்கள் உண்டு. வெற்றிலையை விட்டுவிட்டுப் பைத்தியம் பிடித்தாற்போல் அலைந்தவர்களும் உண்டு. இந்தச் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த ஒரே ஆள் எங்கள் வேணி அக்காதான்.

வேணி அக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் செல்லமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நடவு, களையெடுப்பு, ஒரு பசுமாடு, காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் என்று நாளெல்லாம் ஓடுகிறவள். ஆனால் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் அவசரமே கிடையாது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை அவள் சாப்பிடுவதைப் பார்த்தால், இப்போதுதான் சாப்பிட்டு எழுந்த நமக்கும் மறுபடி பசிக்கும். உனக்கு நாக்கு நீளம் என்று நானே அவளை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

செல்லமுத்து மாமாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து சுருண்டு படுத்தபோது, சிறுவாச்சூர் மதுரகாளி முன்னால் போய் நின்றோம். அக்கா எதை விடப்போகிறாள், கருவாட்டையா காப்பியையா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, அந்த மனுசனுக்குக் கல்லு எறங்கற வரைக்கும் ஃபலூடாவ தொட மாட்டன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்ததும், "ஏன்க்கா, ஃபலூடா நீ எப்ப தின்ன?" என்று கேட்டேன்.

"தின்னதில்ல. அரியலூர் பஸ் ஸ்டாண்டு கடையில படம் மாட்டியிருக்கான்ல, ஒசரமா கிளாசுல, கலர் கலரா, அதான். தொட மாட்டன்னுதான சொன்னன். பொய்யா சொன்னன்?"

காளியையே ஏய்க்கப் பார்த்தாள். காளி என்ன, நேற்றுப் பிறந்தவளா? வீடு திரும்புவதற்குள்ளேயே அக்காவுக்கு ஃபலூடா ஆசை பிடித்துக்கொண்டது. எங்கே போனாலும் அந்தக் கிளாஸ்தான் அவள் கண்ணில் பட்டது. கல் இறங்க வேண்டும் என்று மாமாவைவிட அவள்தான் அதிகம் தவித்தாள். செம்பு செம்பாக வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்தாள். ஒருவழியாகக் கல் இறங்கியது. காளியிடம் போய்ச் சொல்லிவிட்டு, நேராக அந்த அரியலூர் கடையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கரண்டி சாப்பிட்டதும் என்னைப் பார்த்தாள்.

"அட, சேமியா பாயாசம்டி. ஐஸ் பொட்டியில வச்சு எடுக்க மறந்துட்டானுவ."

ஆனாலும் கிளாசைக் காலி செய்யாமல் எழவில்லை.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டில் யாருக்கு என்ன குறை வந்தாலும், தின்றறியாத பண்டமாகப் பார்த்து ஒன்றைக் காளிக்கு விடுவாள். என்றைக்காவது தின்று பார்க்க வேண்டும் என்று அவள் மனதில் இருந்ததெல்லாம் இப்படிக் காளியிடம் அடகு போய்விட்டது. பசு சினை பிடிக்கவில்லை என்று பன்னீர் பட்டர் மசாலாவை விட்டாள். சினை பிடித்ததும் ஜெயங்கொண்டம் ஓட்டலில், "நம்ம பாலத் திரிய வச்சு நமக்கே விக்கிறானுவ" என்று திட்டிக்கொண்டே கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். என் மகள் மேகலாவுக்குப் பிரசவம் சிக்கலானபோது, பெயர் வாயில் நுழையாத ஒரு கறுப்புக் கேக்கை விட்டிருக்கிறாள். குழந்தை பிறந்த பிறகுதான் எனக்கே தெரியும். அந்தக் கேக்கை நானே வாங்கிக் கொடுத்தேன். மூக்கில் க்ரீமோடு அவள் சிரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப்பிறந்த அக்கா எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் இவளைப் போல் இருந்திருப்பாளா என்று தெரியவில்லை.

தீராமல் நின்றது ஒன்றுதான், மந்தி.

அவள் மகன் தமிழழகன் கத்தாரில் ஏசி மெக்கானிக். போன புதிதில், பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஐந்தாறு பேரோடு உட்கார்ந்து சாப்பிடும் படத்தை அனுப்பினான். மலைபோல் சோறு, மேலே முழு ஆட்டுத்தொடை. மந்தி என்று எழுதியிருந்தான். "கொரங்கையா திங்கிறானுவ?" என்று அக்கா பதறிப்போனாள். ஆட்டுக்கறிதான் என்று அவன் விளக்கிய பிறகு படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறான் என்று சந்தோஷம். அவன் தட்டைச் சுற்றி இருப்பவர்கள் யார் யாரோ என்று வருத்தம். அடுத்த திங்கட்கிழமையே சிறுவாச்சூர் போய், "அழகு ஊரோட வந்து இங்கயே இருக்கற வரைக்கும் மந்திய தொட மாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அப்புறம் பெரம்பலூரிலேயே மந்திக் கடை வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது அந்தப் பலகை வந்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நடுவில் ஒரு தடவை அவன் லீவில் வந்தான். லீவு கணக்கில் சேராது என்று அவள் அந்தக் கடைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை அவன் வந்து இறங்கியதும், "திரும்பப் போறியாடா?" என்று கேட்டாள். "இல்லம்மா, முடிச்சிட்டு வந்துட்டன்" என்றான். அதற்குமேல் அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காளிக்கு எலுமிச்சை மாலை சாத்தி, "எம்புள்ள வந்துட்டான் தாயே" என்று கற்பூரம் அணைகிற வரைக்கும் நின்று சொன்னாள். வெள்ளியன்று கறி ஆகாதென்று, ஞாயிற்றுக்கிழமை மூவரும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினோம். மாமா பால் கறக்க வேண்டுமென்று நின்றுவிட்டார். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மந்தி தின்னப் பட்டுப்புடவை கட்டிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடையில் கை கழுவும் இடத்தில் அழகு என் பக்கத்தில் வந்து நின்றான். முகமே சரியில்லை.

"சித்தி, அம்மாட்ட சொல்லிராதீங்க. அடுத்த மாசம் நான் திரும்பணும். டிக்கெட்டு போட்டாச்சு. அம்மா இத்தினி வருசமா ஆசப்பட்டுக் கெடக்குது. ஒரு தடவ தின்னட்டும்னுதான் அப்புடிச் சொன்னன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அம்மாகிட்ட சொன்ன பொய் அம்மாவோட நின்னுச்சா? அவ அதக் காளிகிட்ட போயி ஒப்பிச்சிட்டு வந்துருக்காடா. அத நம்பி இப்ப வாயில வைக்கப்போறா. நீ பாத்துக்கிட்டு உக்காந்துருப்பியா?" என்று கேட்டுவிட்டு மேசைக்கு வந்தேன்.

தாம்பாளம் வந்திருந்தது. படத்தில் பார்த்த அதே மலை, அதே தொடை. அக்கா தொடாமல் எங்களுக்காகக் காத்திருந்தாள். நாங்கள் உட்கார்ந்ததும் கறியில் ஒரு துண்டைப் பிய்த்து, சோற்றோடு சேர்த்து உருட்டினாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். உருண்டை வாய்க்குப் போகிற நேரத்தில் அழகு எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்மா. திங்காத."

"ஏண்டா?"

"நான் திரும்பப் போறன்மா. ஒங்கிட்ட பொய் சொல்லிட்டன்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்து போய்விடுவாளோ, அறைந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எப்படா?" என்றாள்.

"அடுத்த மாசம்."

கண்ணிலிருந்து இறங்கியதை இடது புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குத் திங்கக்கெழமதான, கோயில் தொறந்திருக்கும். சிறுவாச்சூருக்கு வந்து நீயே அவகிட்ட சொல்லு" என்றாள். பிறகு அந்த உருண்டையை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"தொற."

"அம்மா..."

"தொறடா. அங்க யாரு யாரோடவோ உக்காந்து தின்ன. இன்னிக்கி எங்கையால தின்னு."

மீசை முளைத்த ஆள், அழுதுகொண்டே வாயைத் திறந்தான். உருண்டை உருண்டையாக அவனுக்கும் எனக்குமாக ஊட்டி, தாம்பாளத்தைத் தீர்த்தாள். போதும் போதும் என்றாலும் விடவில்லை. தனக்கு இரண்டு பரோட்டா சொல்லிக்கொண்டாள். கையெல்லாம் நெய்யாக இருக்க, கழுவ எழுந்தவள், என் பக்கம் குனிந்தாள்.

"எப்புடிடி இருந்துச்சு?"

"சும்மா சோறுதான்க்கா. பெருசா ஒண்ணுமில்ல."

"நீயும் பொய் சொல்லு" என்று என் தோளில் ஒரு இடி இடித்தாள். "இருக்கட்டும். அவன் வந்து சேந்ததும் நானே தின்னு பாத்துக்கறன்."