புளிக்கு முட்டுக் கொடுத்த எஞ்சின்

என் டாக்சி எஞ்சினைக் கெடுத்தது என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லிவிட்டேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் கடத்தூரில் ஒரு பழைய அம்பாசடரை டாக்சியாக ஓட்டினேன். வீட்டில் உலை கொதித்தது அந்த வண்டியால்தான். அதன் எஞ்சின் எந்நேரமும் படுத்துவிடும் என்ற பயத்தில், விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய நல்ல எஞ்சின் ஒன்றைச் சேலத்தில் வாங்கினேன். என் வீடு ஓலை வீடு, ஒழுகும். மச்சானுக்குப் பாப்பாரப்பட்டியில் ஓட்டு வீடு, சிமெண்டுத் தரை.

"கொண்டாந்து போடுங்க மாப்ள, வூட்ல ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது" என்றார்.

நான் அப்படியே போட்டுவிட்டு வரவில்லை. மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்தேன். பிளக் துளைகளில் ஆயில் விட்டு, பழைய பிளக்குகளை மாட்டி மூடினேன். மற்ற வாய்களில் துணி அடைத்தேன். மேலே தார்ப்பாய், கொஞ்சம் காற்றுப் போகிற மாதிரி. உள்ளே இறுகிப்போகாமல் இருக்க வாரம் ஒருமுறை ஒரு சுற்றுச் சுற்றிவிடச் சொல்லி, ஸ்பானரை அவர் கையில் கொடுத்துச் செய்தும் காட்டினேன்.

"என் தங்கச்சிய இப்படித்தான் பாத்துக்கறீங்களா மாப்ள?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் புளி வியாபாரி. மாசி பிறந்ததும் அவர் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பிசைந்த புளியை மலைபோலக் குவிப்பார்கள். அந்த வருஷம் குவியல் சரியாமல் இருக்க ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் என் எஞ்சின். தார்ப்பாயை உருவிப் புளிக்கு அடியில் விரித்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு அது கல்யாண சவாரிக் காலம், போய்ப் பார்க்க நேரமில்லை. சந்தையில் அவரைப் பார்த்துக் கேட்டபோது, "ஜம்முனு சுத்துது மாப்ள" என்றார்.

ஆடியில், சித்தேரி மலை ஏற்றத்தில் என் வண்டி எஞ்சின் செத்தது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் போனேன். தார்ப்பாய் ஒழுங்காகப் போர்த்தியிருந்தது. எடுத்தால் இரும்பெல்லாம் செதில் செதிலாகத் துரு. அடைத்த துணிகளைக் காணோம். உள்ளே உப்பும் புளியும் இறங்கி இறுகிப்போயிருந்தன. இருவர் சேர்ந்து முறுக்கியும் அசையவில்லை.

மெக்கானிக் மோந்து பார்த்தான். "ரசம் வெக்கலாங்கண்ணா" என்றான்.

உண்மையைச் சொன்னது மச்சானின் மனைவிதான். "சித்திரையில புளிய அள்றப்பவே எஞ்சினு துருவேறிச் செவந்து கெடந்துச்சுங்கண்ணா. சொன்னா நீங்க கத்துவீங்கன்னு இவருதான் மூடிப் போட்டுட்டாரு."

சித்திரையில் தெரிந்திருந்தால் பிரித்துக் கழுவிக் காப்பாற்றியிருக்கலாம் என்றான் மெக்கானிக். எஞ்சின் செத்த வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்தவன் லாரிக்கு டிரைவராகப் போனேன். மச்சானோ, "மாப்ள சேலத்துல ஏமாந்து துருப்புடிச்சத வாங்கியாந்தாரு" என்று சொந்தக்காரர்கள் வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்றும் சொல்கிறார்.

புளி வைத்ததைக்கூட விட்டுவிடுகிறேன். இடம் போதவில்லை, வைத்துவிட்டார். கண்ணால் பார்த்த துருவை மூன்று மாதம் என்னிடமிருந்து ஏன் மறைத்தார்? சொந்தத்தில் அடுத்து நடக்கும் கல்யாணத்தில், பந்தி போடும் முன், எல்லோர் காதிலும் விழும்படி அவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.