பக்கத்துக் கட்டிலின் வயிற்றுக்குத்து

இன்று கல்முனை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்தார். "மிஸ்ஸி, என்னத் தெரியுதா?"

எண்பதுகளில் நான் நர்ஸாக இருந்த வார்டில், சாக முயன்று தப்பியவராம்.

"நல்லா ஏசினீங்க. சாகப் போறவளுக்கு ஏன் கட்டில் எண்டு கேட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். மறுபடி செய்யக்கூடாது என்றுதான் அப்படி ஏசுவோம்.

"எனக்காகச் சொல்லல்ல மிஸ்ஸி. அடுத்த கட்டில்ல படுத்திருந்த ராத்தாக்கும் சாகிற எண்ணம்தான். உங்கக்கிட்டச் சொல்லத்தான் இருந்தா. எனக்கு ஏசினதக் கேட்டுட்டு, வயித்துக்குத்து எண்டு மட்டும் சொன்னா."

வயிற்றுக்குத்துக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது நான்தான்.

நிந்தவூரில் இறங்க வேண்டியவள் இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கினேன். அந்த ராத்தாவின் முகம் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

பழைய நர்ஸ்மாரே, நாம் ஏசித் திருத்திய ஒருவரையாவது தெரிந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம், கட்டில் நம்பர் போதும்.